குரல் பிரான்சிஸுடையது, கை என்னுடையது

எங்கள் மருத்துவத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள்: "அண்ணா, வேலைய வுட்டுப் போறதுக்கு முன்ன உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க." எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரையை இந்த வயதில் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. நான் வேலையை விடவில்லை. வேலைதான் என்னை விட்டது. இப்போது வந்திருக்கும் கருவி, நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பட்டை. நோயாளியே ஒட்டிக்கொள்ளலாம். இதயத்தின் படத்தை அதுவே எடுத்து, கைப்பேசி வழியாக கிளவுடுக்கு அனுப்பிவிடும். கம்பி வேண்டாம், விலா எலும்பை எண்ணும் விரல் வேண்டாம். ஆகவே இ.சி.ஜி. டெக்னீஷியன் என்று ஒருவன் மலையேறி வரவும் வேண்டாம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நிற்பவன் பிரான்சிஸ். வேலை பார்த்த வருடங்கள் முழுக்க அவன்மேல் எனக்குப் பொறாமை. அதை மறைத்துவிட்டு எழுதினால் மீதி எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

நான் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரன். அப்பா அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விடுதியில் தங்கிப் படித்து, திருப்பத்தூரில் டிப்ளமோ முடித்தேன். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்று மலை ஊர்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில் வேலை கிடைத்தது. வேலை இதுதான்: ஒரு பெட்டியில் சின்ன இ.சி.ஜி. கருவி, ஒரு டேப்லெட். ஊர் ஊராகப் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்பவர்களுக்குப் படம் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் படம் டேப்லெட்டிலேயே தங்கும். பக்கத்தில் சாம்பல் நிற அம்புக்குறி ஒன்று தெரியும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போனால் அம்பு பச்சையாகும். படம் கிளவுடுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அடிவாரத்தில் டாக்டர் அம்மா தன் கைப்பேசியில் பார்த்துப் பதில் அனுப்புவார்.

டாக்டர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொன்னதை நான் பார்த்ததில்லை. பயிற்சியின்போது எங்கள் எல்லோரையும் சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்லி, ஒருவன் நெஞ்சில் இன்னொருவனை எண்ண வைத்தார். கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பில் விரலை வைத்து இறக்கினால் ஒரு மேடு தட்டும். அங்கிருந்து பக்கவாட்டில் போனால் இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது; அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கி, நான்காவது பள்ளத்தில் எலும்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்டிக்கர். பிறகு இடது பக்கமாக வளைந்து அக்குள் வரை நான்கு. பெண்களுக்கு மார்பகத்தை மேலே தூக்கி, அதன் அடியில்தான் ஒட்ட வேண்டும். மேலே ஒட்டினால் படம் பொய் சொல்லும். கண் அளவில் ஒட்டுபவனை டாக்டர் அம்மாவுக்குப் பிடிக்காது. படத்தைப் பார்த்ததும், "எண்ணுனீங்களா, குத்துமதிப்பா ஒட்டுனீங்களா?" என்று ஒரே கேள்விதான். பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிரான்சிஸ் என்னோடு பயிற்சி எடுத்தவன். ஒடுகத்தூர்க்காரன். அப்பாவுக்கு மளிகைக் கடை, அம்மா டீச்சர். கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகிய தொண்டை. அவன் "அம்மா, கொஞ்சம் மூச்ச இழுத்து வுடுங்க" என்றால் வலி பாதி குறைந்துவிடும்போல இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே பைக்கில்தான் ஊர்களுக்குப் போனோம். அவன் ஓட்டுவான், நான் பின்னால் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊருக்குள் நுழைந்ததும் என் சொந்தக்காரர்களே அவனைத்தான் விசாரிப்பார்கள். பலாப்பழம் வெட்டினால் முதல் சுளை அவனுக்கு. என் அம்மா ஒரு முறை, நான் தனியாக வீட்டுக்குப் போனபோது, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா, பிரான்சிசு வர்லியா?" என்று கேட்டார். அவனுக்காகச் சாமைச் சோறு வடித்து வைத்திருந்தாராம். அன்று அதைச் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும், எனக்குத்தான் பிடிக்கவில்லை.

டாக்டர் அம்மாவும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை "மலைக்காரரே" என்பார். அன்பாகத்தான் சொன்னார் என்று பிரான்சிஸ் சமாதானம் சொல்வான். பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறவனுக்கு அப்படிச் சமாதானம் சொல்வது சுலபம். என் பெயர் லட்சுமணன்.

ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஊர்களில் எனக்கு எல்லோரும் ஏதாவது ஒரு முறை. அக்கா முறை, சித்தி முறை, கட்டிக்கொள்ளும் முறை, மாமியார் முறை. மாமியார் முறை உள்ள பெண், மருமகன் முறை உள்ளவன் எதிரில் உட்காரக்கூட மாட்டார். பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். அப்படிப்பட்டவரின் மார்புக்கு அடியில் நான் எப்படி ஸ்டிக்கர் ஒட்டுவது? கட்டிக்கொள்ளும் முறையுள்ள பெண்கள் என்றால் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவார்கள். படித்தது நான், இந்த மலையில் பிறந்தது நான், பாஷை தெரிந்தது நான். பாதிப் பெண்களுக்குப் படம் எடுக்க முடியாமல் வெளியே நிற்பதும் நான். பிரான்சிஸுக்கு எந்த முறையும் கிடையாது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவான், விலாவை எண்ணுவான், வெளியே வருவான். யாருக்கும் அவன் எதுவும் ஆகவில்லை. அந்தச் சுதந்திரத்தைத்தான் நான் பார்த்துப் பார்த்துப் புழுங்கினேன்.

முறை என்பது விளையாட்டில்லை. என் சிறு வயதில், காட்டாற்றில் இழுத்துப் போகப்பட்ட ஒரு பெண்ணை மருமகன் முறையுள்ள ஒருவர் கட்டிப்பிடித்துக் கரையேற்றினார். அன்றிலிருந்து அவர் அந்தப் பெண்ணுக்கு மகன். அந்த வீட்டில் அவருக்கென்று பேசி வைத்திருந்த பெண் தங்கையாகிவிட்டாள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் ஒரு முறைப்பெண் இருந்தாள். தாய்மாமன் மகள் சாந்தி. பேச்சு வார்த்தை எதுவும் நடக்கவில்லை. ஆனால் நான் சம்பளம் வாங்கத் தொடங்கியதிலிருந்து மாமா என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. சாந்தி பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கன்வாடியில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகிற நாட்களில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன். பிரான்சிஸ் கண்டுபிடித்துவிட்டான். "இன்னாடா, இன்னைக்கு மாமன் ஊரா?" என்று பைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான்.

மாமா ஊருக்குப் போக வேண்டிய ஒரு நாள், பிரான்சிஸ் ஒடுகத்தூரில் இருந்தான்; அவன் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் மட்டும் ஜீப்பில் போய் மாமா ஊரில் இறங்கினேன். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாந்தி ஓடி வந்தாள். அவள் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, விடிந்ததிலிருந்து நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறதாம், இடது கை மரத்துப் போகிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம். மாமா கர்நாடகாவில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

வாசலில் நின்று கேட்டேன். உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தை, என் குரல் கேட்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். வாயு என்றார். ஜீப்பை நிறுத்திவைக்கிறேன், இப்படியே கீழே போகலாம் என்றேன். வர மாட்டேன் என்றார். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரியை இதே வலிக்குக் கீழே தூக்கிப் போய், வெறும் வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஊரே இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. மெஷின் சொன்னால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் அத்தையின் முடிவு. மெஷினைப் போட பிரான்சிஸ் தம்பி வரட்டும் என்றார்.

அந்த வலியிலும் அவன் பெயர்தான்.

பிரான்சிஸ் வர மதியமாகிவிடும் என்றேன். கடைசியில் ஒரு வழி செய்தோம். நான் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று சொல்ல, உள்ளே சாந்தி ஒட்டினாள். சிவப்புக் கம்பி வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால் என்றேன். நெஞ்சில் ஒட்ட வேண்டிய ஆறையும் எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். படம் வந்தது. அலைகள் தலைகீழாகத் தெரிந்தன. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சிக்னல் மேட்டுக்கு ஓடினேன்.

அம்பு பச்சையாகிக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் அம்மாவே அழைத்தார். வழக்கம்போல வணக்கம் கிடையாது.

"கை ரெண்டும் மாறியிருக்கு. நெஞ்சுல ஒட்டுனதும் எங்கெங்கியோ இருக்கு. யார் போட்டது?"

சொன்னேன். சாந்தி தன் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். தன் வலது கைப் பக்கம் இருந்ததை அம்மாவின் வலது கை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் திரும்பி நின்றதால் எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் இப்படி ஒரு தவறைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கும் ஊர் எங்கள் ஊர் மட்டும்தான் போல.

டாக்டர் அம்மா எப்படியும் கீழே கொண்டுவரச் சொன்னார். மெஷின் சொல்லாமல் வர மறுக்கிறார் என்றேன். பெட்டியில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுக்கச் சொன்னார். "நீங்களே எண்ணிப் போட்டு எடுங்க. என்னால இத வெச்சிக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரியில பேச முடியாது. நேரம் போயிட்டிருக்கு, மலைக்காரரே."

அடுத்து நான் செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். பிரான்சிஸுக்குப் போன் போட்டேன். பின்னால் ஞானஸ்நான விருந்தின் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெளியே வந்து கேட்டான். "டேய், நான் இப்ப கெளம்பினாலும் நேரா அங்க வந்து பிரயோஜனம் இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு நிக்கிறேன். உங்க அத்தைக்கு ஒரு வாய்ஸ் அனுப்பறேன், போட்டுக் காட்டு" என்றான். அனுப்பினான். கேட்டுப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்காரக் குரல். இறக்கத்தில் ஓடி வரும்போது, என் சொந்த அத்தையின் உயிருக்காக அவன் குரலைச் சுமந்து போகிறேனே என்ற நினைப்பு கூடவே ஓடி வந்தது.

அத்தைக்கு இப்போது உதடு வெளுத்திருந்தது. மாத்திரையைச் சாந்தி கொடுத்தாள். நான் வாசற்படியிலிருந்து கைப்பேசியை நீட்டினேன்.

"அம்மா, நான் பிரான்சிசு பேசறேன். பயப்படாதீங்க. லட்சுமணன் உள்ள வருவான். அவன் கைய என் கைன்னு நெனச்சிக்கோங்க. ஆறே ஆறு ஸ்டிக்கரு, அவ்ளோதான்."

அத்தை முழுதும் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கொரலு பிரான்சிசு தம்பிது. கை உன்னுது தான?"

நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டேன்.

"நீ தொட்டா எனக்கு மருமவன் கெடையாது. மவன். அத நெனச்சிக்கினு உள்ள வா. இல்லன்னா அப்பிடியே நில்லு, ஆனது ஆவட்டும்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாகப்போகிற நேரத்திலும் என்னை ஏமாற்றக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் புரிந்தது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், இந்த வாசற்படிக்கு அந்தப் பக்கம் அத்தையின் உயிர் இருக்கிறது, இந்தப் பக்கம் நான் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த சட்டை இருக்கிறது என்பதுதான். உயிர்தான் பெரிது. அதில் எனக்கு ஒரு கணமும் சந்தேகம் இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை. இதே படியைப் பிரான்சிஸ் தாண்டியிருந்தால் அவனுக்கு ஒன்றும் குறைந்திருக்காதே என்று நினைத்தேன். எப்போது பொறாமைப்பட வேண்டும் என்றுகூட மனதுக்கு ஒரு விவஸ்தை இல்லை.

சாந்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இன்னா நின்னுக்கினு கீற? வந்து போடுண்ணா."

அதுவரை அவள் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முறைப்பெண்கள் கூப்பிட மாட்டார்கள்.

உள்ளே போனேன். கையைக் கழுவினேன். மாறியிருந்த கைக் கம்பிகள் இரண்டையும் மாற்றி மாட்டினேன். நெஞ்செலும்பில் விரலை வைத்து இறக்கினேன். மேடு தட்டியது. எண்ணினேன். அத்தையின் தோல் சில்லென்று வியர்த்திருந்ததால் ஸ்டிக்கர் வழுக்கியது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி ஒட்டினேன். எண்ணுவதைத் தவிர வேறு எதையும் நினைக்கக்கூடாது என்று வாய்விட்டே எண்ணினேன். அத்தை கண்ணை மூடிக்கொள்ளவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. குழந்தையை நெஞ்சில் தவழ விட்டிருப்பவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். படம் வந்தது. இந்த முறை அலைகள் சரியான பக்கம் நின்றன. அவற்றில் மூன்று இடங்களில் கோடு கீழே இறங்க மறந்து மேலேயே தொங்கியது. அதற்கு அர்த்தம் எனக்கும் தெரியும்.

"மெஷின் இன்னா சொல்லுது?" என்றார் அத்தை.

"கெளம்பணும்னு சொல்லுது" என்றேன். அத்தை என்று சேர்த்துச் சொல்ல வாய் வந்தது. சேர்க்கவில்லை.

ஜீப்பில் அத்தையைப் படுக்க வைத்துக்கொண்டு போகும்போது, சிக்னல் மேட்டில் வண்டியை நிறுத்தாமலே அம்பு பச்சையானது. டாக்டர் அம்மாவின் பதில் உடனே வந்தது. மாரடைப்பு. தன் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும், வண்டி மாற்றி நேராக வேலூருக்கு. அங்கே பேசியாகிவிட்டது, படத்தை அவர்களும் கிளவுடில் பார்த்துவிட்டார்கள். கடைசியில் ஒரு வரி: "நல்ல படம். பிரான்சிஸ் வந்துட்டாரா?"

"இல்ல மேடம். நான் எடுத்தது" என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கீழே ஆம்புலன்ஸ் அருகில் பிரான்சிஸ் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தான். விருந்துக்குப் போட்ட புதுச் சட்டை கசங்கியிருந்தது. அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ பேசனதாலதான் வந்தேன்" என்றார். அவன் "ஒண்ணும் ஆவாதும்மா" என்றான். ஆம்புலன்ஸில் அவரோடு ஏறி உட்கார்ந்ததும் அவன்தான். நானும் சாந்தியும் பின்னால் பஸ்ஸில் போனோம். ஒரே சீட்டில், அண்ணன் தங்கையாக. வழியெல்லாம் அவள் தன் அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள்.

அடைப்பை எடுத்தார்கள். அத்தை பிழைத்தார். மலைக்குத் திரும்பியதும் ஊரில் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. பிரான்சிஸ் போனிலேயே பேசி வைத்தியம் பார்த்த கதை. அதை நான் திருத்தப் போகவில்லை. திருத்தினால் சாந்தியைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நான் அந்த வீட்டுக்கு மகனானது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புதுப் பிள்ளைகளே, நீங்கள் கேட்டது தொழில் அனுபவம். எனக்குத் தெரிந்தது இதுதான்: எண்ணாமல் ஒட்டாதீர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வலது கை உங்கள் வலது கைப் பக்கம் இல்லை. இந்தப் புதுப் பட்டை நல்ல கருவிதான். எந்த வீட்டுக்குள்ளும் போகும், யாருக்கும் எதுவும் ஆகாது. சில நாட்களாக என் பொறாமை பிரான்சிஸை விட்டுவிட்டு அதன்மேல் திரும்பியிருக்கிறது. அது மட்டும் நான் சேர்ந்த வருடமே வந்திருந்தால்.

சாந்தியின் கல்யாணம் போன தையில் நடந்தது. மாப்பிள்ளை போளூர்ப் பக்கம், ரயில்வேயில் வேலை. அண்ணன் முறைக்கு நான்தான் எல்லாம் செய்தேன். மாப்பிள்ளையை அழைத்து வந்தேன், பந்தியில் பரிமாறினேன், சீர்ப் பாத்திரங்களை ஜீப்பில் ஏற்றினேன். பிரான்சிஸ் விருந்தாளியாக வந்தான். முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். இரண்டாம் முறை பாயசம் கேட்டான், நான்தான் ஊற்றினேன். சாந்தி அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவன் கையைக் கழுவிக்கொண்டு, என் முதுகில் தட்டி, "வர்றேன்டா" என்று பைக்கை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போனான். எதுவும் சுமக்காமல் போகிறவனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்தல் பக்கமிருந்து அத்தை கூப்பிட்டார். பொண்ணு கிளம்பப் போகிறது, அண்ணன்காரன் எங்கே போய்விட்டான் என்று சம்பந்திகள் கேட்கிறார்கள் போல.

"மவனே, எங்கடா கீற?"

அம்மா என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

"வர்றேன்" என்றேன்.